ஜெர்மன் தேர்வின் கேட்டல் பகுதி: பெங்களூர் வகுப்பா, இணைய வகுப்பா, உள்ளூர்ப் பயிற்சியா, தனியாகப் படிப்பதா?

“வாசித்தால் புரிகிறது. எழுதவும் வருகிறது. ஒலிப்பதிவைப் போட்டால் மட்டும் ஒரு வாக்கியம் பிடிபடுவதற்குள் அடுத்தது போய்விடுகிறது. எந்த வகுப்பில் சேரலாம்?” தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கங்களில் ஜெர்மன் படிப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களில் பெரும்பாலோர் செவிலியர்கள். ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்புக்கு முயலும் பொறியாளர்கள் உண்டு. கணவரோ மனைவியோ ஜெர்மனியில் இருக்க, குடும்ப விசாவுக்கு ஏ1 சான்றிதழ் தேவைப்படுபவர்களும் உண்டு. (மொழித்திறனின் நிலைகள் ஏ1, ஏ2, பி1, பி2 என ஏறிக்கொண்டே போகும்; ஏ1 தொடக்க நிலை.)

வழிகள் நான்கு. பெங்களூருக்குப் போய்ப் படிக்கலாம், வீட்டிலிருந்தே இணையத்தில் நேரலை வகுப்பு கேட்கலாம், உள்ளூர்ப் பயிற்சி மையத்தில் சேரலாம், இலவச ஒலிப்பதிவுகளை வைத்துத் தானே பயிற்சி செய்யலாம். தனி ஆசிரியர் என்ற ஐந்தாவது வழியும் உண்டு. ஆனால் அது மற்ற நான்கில் ஏதேனும் ஒன்றுக்குத் துணையாக வரும்போதுதான் பயன்படுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டல் பகுதிக்கு எந்த வகுப்பும் தனியாகப் போதாது. தினமும் நீங்களே உட்கார்ந்து காதுக்குக் கொடுக்கும் நேரம்தான் மதிப்பெண்ணாகத் திரும்பி வருகிறது. ஆகவே அந்த நேரத்தை உங்களிடமிருந்து பறித்துக்கொள்ளாத வழியே உங்களுக்கு ஏற்ற வழி. புகழ்பெற்ற பெயர், அழகான சான்றிதழ், பெரிய கட்டடம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

## முதலில் தேர்வைப் பாருங்கள்

எந்தத் தேர்வு எழுதப்போகிறீர்கள் என்பதே பாதி முடிவைச் செய்துவிடும். பலர் வகுப்பில் பணம் கட்டிய பிறகுதான் இதை விசாரிக்கிறார்கள்.

ஜெர்மனியின் மொழி, பண்பாட்டு நிறுவனமான கோதே நடத்தும் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு தனித்தனிப் பகுதிகள். ஒவ்வொன்றும் 100 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 60 எடுத்தாக வேண்டும். வாசிப்பில் 95 எடுத்தாலும் கேட்டலில் 55 என்றால் கேட்டலில் தேர்ச்சி இல்லை. அதே சமயம், தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். பி2 தேர்வும் 2019 முதல் இதே முறைக்கு வந்துவிட்டது.

டெல்க் என்ற மற்றொரு நிறுவனத்தின் தேர்வில் கணக்கு வேறு. டெல்க் பி1, பி2 இரண்டிலும் எழுத்துத் தேர்வுக்கு மொத்தம் 225 மதிப்பெண். அதில் கேட்டலுக்கு 75. எழுத்துத் தேர்வு முழுவதற்கும் சேர்த்து 135 எடுத்தால் போதும். கேட்டலில் கொஞ்சம் சறுக்கினாலும் வாசிப்பும் இலக்கணமும் தாங்கிப்பிடிக்கும். கோதே ஏ1 தேர்விலும் மொத்த மதிப்பெண்தான் பார்க்கப்படுகிறது. 100க்கு 60 வேண்டும், அதில் கேட்டலின் பங்கு 25. உங்கள் வேலைவாய்ப்பு நிறுவனமோ பல்கலைக்கழகமோ விசா அலுவலகமோ எந்தச் சான்றிதழை ஏற்கிறது என்று எழுத்துமூலம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள்.

கோதே பி1, பி2 இரண்டிலும் கேட்டல் பகுதி சுமார் 40 நிமிடம், 30 கேள்விகள். 18 சரியாக இருந்தால் 60 மதிப்பெண். கேட்டல் பகுதிக்குள் நான்கு பிரிவுகள். பி1 தேர்வில் முதல் பிரிவும் நான்காம் பிரிவும் இருமுறை ஒலிக்கும். அவற்றில் 10, 8 எனப் பதினெட்டுக் கேள்விகள். இரண்டாம், மூன்றாம் பிரிவுகள் ஒரே முறைதான், அவற்றில் பன்னிரண்டு. பி2 தேர்வில் இது தலைகீழாகிறது. ஒரே முறை ஒலிக்கும் முதல், மூன்றாம் பிரிவுகளில் பதினாறு கேள்விகள். இருமுறை ஒலிப்பவற்றில் பதினான்குதான். இருமுறை கேட்ட அத்தனையையும் சரியாக எழுதினாலும் பி2 தேர்ச்சிக்கு நான்கு கேள்வி குறையும். “இரண்டாம் முறை போடும்போது பிடித்துக்கொள்ளலாம்” என்ற பழக்கத்தோடு பி1 தேறியவர்கள் பி2 தேர்வில் தடுமாறுவது இதனால்தான்.

எந்த வகுப்பில் சேர்ந்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: ஒரே முறை மட்டும் கேட்டு விடை எழுதும் பயிற்சி வாரத்துக்கு எத்தனை தடவை நடக்கும்?

## எதை வைத்து எடை போடுவது

காது வேலை செய்யும் நேரம். இரண்டு மணி நேர வகுப்பில் வருகைப் பதிவு, இலக்கணம், வீட்டுப்பாடம் எல்லாம் போக, ஒலிப்பதிவு ஓடிய நேரம் எவ்வளவு என்று ஒரு நாள் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான வகுப்புகளில் கால் மணி நேரம் தாண்டாது.

குரல்களின் வகை. தேர்வில் ஆண், பெண், வயதானவர், வேகமாகப் பேசுபவர் எல்லாரும் வருவார்கள். கோதே பி1 தேர்வு ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றும் சேர்ந்து உருவாக்கியது. ஆகவே அந்நாட்டு உச்சரிப்புகளும் ஒலிப்பதிவில் இருக்கும். ஒரே ஆசிரியரின் குரலில் மட்டும் ஜெர்மன் கேட்டுப் பழகியவருக்கு அன்று அது அந்நிய மொழியாகவே தோன்றும்.

தவறுக்குக் காரணம் சொல்லும் ஆள், அல்லது எழுத்துப் பிரதி, அதாவது ஒலிப்பதிவில் பேசியதை அப்படியே எழுதி வைத்தது. இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கேட்டலில் நேரும் தவறுகள் எல்லாம் ஒரே தவறு அல்ல.

ஒன்று, ஒலியே பிடிபடாமல் போவது. ட்ரைட்சேன் என்றால் 13, ட்ரைசிக் என்றால் 30. ஓடுகிற பேச்சில் இரண்டும் ஒன்றுபோலவே விழும். 21 என்பதை ஜெர்மானியர் ஒன்றை முதலிலும் இருபதைப் பிறகும் வைத்துச் சொல்வார்கள். தொலைபேசி எண்ணை எழுதும்போது கை தானாக 12 என்று எழுதிவிடும்.

இரண்டாவது, ஒலி கேட்டும் சொல் அடையாளம் தெரியாமல் போவது. ஜெர்மனில் பல வினைச்சொற்கள் இரண்டாகப் பிரிந்து, ஒரு துண்டு வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். ‘அப்ஸாகன்’ என்றால் ரத்து செய்தல். பேச்சில் ‘ஸாக்ட்’ முன்னால் வரும். நடுவில் நாள், நேரம், இடம் எல்லாம் வந்த பிறகு கடைசியில் ‘அப்’ என்று ஒரு சிறு ஒலி வரும். அதைத் தவறவிட்டவர் “மருத்துவர் சந்திப்பைப் பற்றிச் சொல்கிறார்” என்று நினைப்பார். அந்த ஆளோ சந்திப்பையே ரத்து செய்திருப்பார்.

மூன்றாவது, எல்லாம் புரிந்தும் பொறியில் விழுவது. கேள்வியின் மூன்று விடைகளும் ஒலிப்பதிவில் எங்கேனும் காதில் விழும். முதலில் சனிக்கிழமை என்பார், அரங்கு கிடைக்கவில்லை என்பார், ஆகவே வெள்ளிக்கிழமை என்பார். ‘ஹால்ப் ஆக்ட்’ என்று கேட்டவுடன் எட்டு என்று குறித்துவிடுவோம். அது எட்டை நோக்கிப் பாதி, அதாவது ஏழரை.

முதல் வகைக்கு ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் பயிற்சி மருந்து. இரண்டாவதற்குச் சொல்வளமும் அதே பத்தியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் வேண்டும். மூன்றாவதற்கு ஒலிப்பதிவு தொடங்கும் முன் கேள்வியை வாசித்து முக்கியச் சொற்களை அடிக்கோடிடும் பழக்கம் வேண்டும். “விடை பி. அடுத்தது” என்று சொல்லிப் போகும் வகுப்பு இந்த மூன்றில் எதையும் சரிசெய்யாது.

உங்கள் பணி நேரம். சுழற்சி முறையில் வேலை பார்ப்பவருக்கு, நிலையான நேரத்தில் நடக்கும் வகுப்பில் பாதி வகுப்புகள் கையை விட்டுப் போகும்.

கட்டணத்துக்கு வெளியே உள்ள செலவு. பயணம், சாப்பாடு, விடுப்பில் போகும் சம்பளம், விட்டுப்போகும் தூக்கம், கையெழுத்திடும் ஒப்பந்தம். இவற்றை ஒவ்வொரு வழியோடும் சேர்த்துச் சொல்கிறேன்.

## பெங்களூருக்குப் போய்ப் படிப்பது

கோதே நிறுவனத்தின் இந்தியக் கிளைகளை மேக்ஸ் முல்லர் பவன் என்கிறோம். நம் பகுதிக்கு அருகில் இருப்பது பெங்களூர்க் கிளை. சென்னையிலும் ஒன்று உண்டு. இவை தவிர பெங்களூரில் தனியார் பயிற்சி நிறுவனங்களும் நிறைய உண்டு.

இந்த வழியின் நன்மைகளை மறுக்க முடியாது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், ஒழுங்கான பாடத்திட்டம், வகுப்பு முழுவதும் ஜெர்மனிலேயே பேசும் சூழல். ஏ1, ஏ2 நிலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சூழல் பெரிய உதவி. பேச்சும் சேர்ந்து வளரும்.

ஆனால் தூரத்தைக் கணக்கிடுங்கள். ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து 90, தருமபுரியிலிருந்து 130. கிருஷ்ணகிரி நகரத்தில் ரயில் நிலையம் இல்லை. சேலம்–பெங்களூர் ரயில் பாதை தருமபுரி, ஓசூர் வழியாகச் செல்கிறது. ஆனால் வகுப்பு நேரமும் ரயில் நேரமும் பொருந்திவந்தால்தான் அது உதவும். பஸ்ஸில் போனால் அத்திப்பள்ளி வரை நேரம் கையில் இருக்கும். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி சில்க் போர்டு சந்திப்பை நெருங்கிய பிறகு அது நம் கையில் இல்லை. கிருஷ்ணகிரிக்காரருக்கு மூன்று மணி நேர ஞாயிறு வகுப்பு என்பது விடியற்காலையில் கிளம்பி இரவில் திரும்பும் முழு நாள்.

“பஸ்ஸில் கேட்டுக்கொண்டே போவேன்” என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்கெனவே எழுத்துப் பிரதியோடு படித்து முடித்த ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்பதற்குப் பஸ் நல்ல இடம். புதிய ஒலிப்பதிவுக்கு அது உதவாது; இன்ஜின் இரைச்சலில் எழுத்தொலிகளின் நுட்பமான வேறுபாடுகள் கரைந்துபோகும். தவிர, இயர்போனில் சத்தத்தைக் கூட்டிக்கூட்டிக் காதையே கெடுத்துக்கொள்வதில் முடியும்.

மறைந்த செலவில் பெரியது பணமல்ல, ஓய்வு. சனிக்கிழமை இரவுப் பணி முடித்து, தூங்காமல் ஞாயிறு வகுப்புக்குப் போகும் செவிலியர் அங்கே உட்கார்ந்திருப்பார். அவர் காது உட்கார்ந்திருக்காது. அடுத்த இரண்டு நாளும் களைப்பில் வீட்டுப் பயிற்சி நின்றுவிடும். வாரத்தில் ஒரு நாள் வகுப்புக்காக மற்ற நாட்களின் பயிற்சியை இழப்பது நஷ்டம்.

ஓசூர், பாகலூர், சூளகிரி பக்கம் இருப்பவர்களுக்கு இந்த வழி நன்றாகவே பொருந்தும். வேலையை விட்டுவிட்டு அல்லது நீண்ட விடுப்பில் பெங்களூர் விடுதியில் தங்கி, வாரம் ஐந்து நாள் தீவிர வகுப்பு படிக்கக் கூடியவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது. விடுதி வாடகையையும் போகும் சம்பளத்தையும் கட்டணத்தோடு கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

## இணையத்தில் நேரலை வகுப்பு

பயணமில்லை. மாலையிலும் காலையிலும் வகுப்பு கிடைக்கிறது. ஜெர்மனியிலிருந்தே பாடம் நடத்தும் ஆசிரியரும் கிடைக்கலாம். தருமபுரியில் இருந்துகொண்டு வேலையும் பார்ப்பவருக்கு முதலில் மனதில் வருவது இந்த வழிதான்.

ஆனால் கேட்டல் பயிற்சியில் இதற்கென்றே ஒரு குறை இருக்கிறது. ஆசிரியர் தன் கணினியில் ஒலிப்பதிவை ஓட்டி, அதைக் கூட்டச் செயலி வழியாக உங்களுக்கு அனுப்பும்போது ஒலி சுருக்கப்படுகிறது. மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று நீக்கும் வசதி அந்தச் செயலிகளில் உண்டு. பின்னணிச் சத்தத்தோடு வரும் ரயில் நிலைய அறிவிப்பையும் அது குதறிவிடும். ஸ், ஷ், ஃப் போன்ற ஒலிகள்தான் முதலில் மங்கும். சொற்களைப் பிரித்துக்காட்டுபவையோ அவையேதான். “எனக்குக் காது சரியில்லை” என்று கலங்கும் மாணவர் உண்மையில் கேட்பது கெட்டுப்போன ஒலியை. தீர்வு எளிது: ஒலிக்கோப்பை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள், ஆசிரியர் “இப்போது” என்றவுடன் அவரவர் கைபேசியில் ஓட்டட்டும். இதற்குச் சம்மதிக்காத வகுப்பைக் கேட்டல் பயிற்சிக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மறைந்த செலவுகள்: நல்ல இணைப்பு, அமைதியான ஓர் அறை, ஒழுங்கான ஹெட்போன். மலையோரக் கிராமங்களில் சிக்னல் விட்டுவிட்டு வந்தால் நேரலை வகுப்பே சிரமம். இன்னொன்று, பதிவுசெய்த வகுப்புகள். “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற நம்பிக்கையில் நேரலையை விடுவோம். பார்க்காத பதிவுகள் குவிந்துபோகும். சேரும் முன் ஒரு வகுப்பை முழுவதும் கேட்டுப் பாருங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர், பாதியில் நின்றால் பணம் திரும்புமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஏ2 முடித்து பி1 அல்லது பி2 படிப்பவர், பணி நேரம் ஓரளவு நிலையானவர், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார இடம் உள்ளவர் — இவர்களுக்கு இது நல்ல தேர்வு.

## உள்ளூர்ப் பயிற்சி மையம்

வீட்டுக்குப் பக்கம், தமிழில் விளக்கம், சந்தேகத்தை நேரில் கேட்கலாம். ஏ1 நிலையில், குறிப்பாகப் பள்ளிப் படிப்பை முழுவதும் தமிழில் முடித்தவர்களுக்கு, இது மிகப் பெரிய ஆறுதல். இலக்கணத்தை ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றி வராமல் நேரே தமிழில் புரிந்துகொள்ளலாம்.

கேட்டலுக்கு மட்டும் பார்த்தால் குறை ஒன்று: குரல் ஒன்றே. ஆசிரியர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், நிறுத்தி, நமக்குப் புரியும்படி, நம் ஊர்ச் சந்தத்தில் பேசுவார். அந்தக் கனிவு தேர்வு ஒலிப்பதிவில் இருக்காது. மையத்தில் நல்ல ஒலிபெருக்கி இருக்கிறதா, மாதிரித் தேர்வுகளை முழு நேரம் வைத்து நடத்துகிறார்களா என்று போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

செவிலியர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. “இலவசப் பயிற்சி, தேறினால் ஜெர்மனியில் வேலை” என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. அவற்றில் நேர்மையானவையும் உண்டு. ஆனால் இலவசம் என்பதன் விலை ஒப்பந்தத்தில் இருக்கும். இடையில் நின்றால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், தேர்வில் தவறினால் யார் செலவு, மறுதேர்வுக் கட்டணம் யாருடையது, எத்தனை ஆண்டு அந்த மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும் என்பதை வாசித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்திடாதீர்கள். அசல் கல்விச் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும். கேட்டலில் ஒரு முறை தவறுவது சாதாரணமான விஷயம். அந்த ஒரு தவறு உங்களைக் கடனாளியாக்கும் ஒப்பந்தம் என்றால், இலவச வகுப்பைவிடக் கட்டண வகுப்பே மலிவு.

## தனியாகப் படிப்பது

பணச் செலவு ஏறக்குறைய இல்லை. பொருளும் தரமானது. கோதே நிறுவனம் ஒவ்வொரு நிலைக்கும் மாதிரித் தேர்வுகளை ஒலிப்பதிவோடும் எழுத்துப் பிரதியோடும் தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லே, ‘நிகோஸ் வேக்’ என்ற காணொளித் தொடரை ஏ1 முதல் பி1 வரை தருகிறது. பி1 மாணவர்களுக்கு ‘டாப் தேமா’ என்ற சிறு செய்திக் கட்டுரைகளை ஒலியோடும் சொற்பொருளோடும் தருகிறது. அன்றாடச் செய்திகளை மெதுவாக வாசிக்கும் பதிவும் அதில் உண்டு. ‘ஈசி ஜெர்மன்’ யூடியூப் சேனலில் தெருவில் நிற்பவர்களிடம் பேட்டி எடுப்பார்கள். இயல்பான வேகத்துக்கு அது நல்ல பயிற்சி.

எப்படிக் கேட்பது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பின்னணியில் ஓடவிட்டுச் சமைப்பதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டு மூன்று நிமிட ஒலிப்பதிவு ஒன்றை எடுங்கள். முதல் முறை பிரதியைப் பார்க்காமல், நிறுத்தாமல் கேளுங்கள். யார், எங்கே, எதற்காக என்று தமிழிலேயே இரண்டு வரி எழுதுங்கள். பிறகு கடினமான நான்கைந்து வாக்கியங்களை மட்டும் நிறுத்தி நிறுத்தி, கேட்டபடியே ஜெர்மனில் எழுதுங்கள். இப்போது பிரதியைத் திறந்து, நீங்கள் எழுதியதும் அதில் உள்ளதும் எங்கே பிரிகின்றன என்று சிவப்பு மையில் குறியுங்கள். அந்தச் சிவப்புக் குறிகள் மேலே சொன்ன மூன்று வகையில் எதைச் சேர்ந்தவை என்று பக்கத்தில் எழுதுங்கள். கடைசியாக, பிரதியைப் பார்த்துக்கொண்டே பேச்சாளரோடு சேர்ந்து வாய்விட்டு வாசியுங்கள். வாய் சொல்லிப் பழகிய ஒலியைக் காது எளிதில் பிடிக்கும். மறுநாள் அதே பதிவைப் பிரதி இல்லாமல் ஒரு முறை கேளுங்கள். பிறகு புதியதற்குப் போங்கள். இதற்கு நாற்பது நிமிடம் ஆகும். வாரம் ஆறு நாள் செய்தால் நான்கு மணி நேரம், முழுவதும் காதின் வேலை. எந்த வகுப்பும் இவ்வளவு தராது.

இதிலும் மறைந்த செலவுகள் உண்டு. முதலாவது, மாதிரித் தேர்வுகள் வீணாவது. உண்மையான தரத்தில் உள்ள மாதிரித் தேர்வுகள் மிகச் சில. ஆர்வத்தில் முதல் மாதமே எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டால், கடைசி வாரங்களில் உங்கள் நிலையை அளக்க ஒன்றும் மிஞ்சாது. குறைந்தது இரண்டைத் தொடாமல் வையுங்கள். இரண்டாவது, வசன வரிகள். திரையில் எழுத்து ஓடும்போது கண் வாசிக்கிறது, காது ஓய்வெடுக்கிறது. புரிந்தது என்ற நிறைவு மட்டும் மிஞ்சும். மூன்றாவது, மெதுவாக வாசிக்கும் செய்தியிலேயே தங்கிவிடுவது. தேர்வு இயல்பான வேகத்தில் வரும். நான்காவதுதான் கடினமானது: கேட்க ஆள் இல்லாமல், பத்து நாள் கழித்துப் பயிற்சி தானாக நின்றுபோவது. இரண்டு பேராகச் சேர்ந்து, தினமும் சிவப்புக் குறியிட்ட பக்கத்தைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது இதற்கு நல்ல தடுப்பு.

ஏ1 முதல் வகுப்பையே இப்படித் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடிப்படை இல்லாதவருக்குச் சிவப்புக் குறி எங்கே போடுவது என்றே தெரியாது. ஏ2 தாண்டியவர்களுக்கும், கேட்டலில் மட்டும் தவறியவர்களுக்கும் இதுவே முதன்மையான வழி.

## தனி ஆசிரியர்

மணிக்கணக்கில் கட்டணம் என்பதால் நீண்ட காலம் தாங்காது. ஆனால் இரண்டு மூன்று அமர்வு எடுத்து, உங்கள் சிவப்புக் குறிகளைக் காட்டி, “என் தவறு எந்த வகை?” என்று கேட்பது மிகச் சிறந்த முதலீடு. அவரோடு உரையாடுவது பேச்சுத் தேர்வுக்கு உதவும். ஒலிப்பதிவு கேட்பதற்கு அது மாற்றாகாது.

## ஒரே பார்வையில்

| | பெங்களூர் வகுப்பு | இணைய வகுப்பு | உள்ளூர் மையம் | தனியாக |
|---|---|---|---|---|
| காது வேலை செய்யும் நேரம் | குறைவு. விடுதியில் தங்கினால் அதிகம் | குறைவு | மிகக் குறைவு | அதிகம், ஒழுங்காகச் செய்தால் |
| குரல்களின் வகை | ஓரளவு | ஓரளவு | ஒன்றே | மிக அதிகம் |
| தவறை விளக்க ஆள் | உண்டு | கேட்டால் உண்டு | உண்டு, தமிழில் | எழுத்துப் பிரதி மட்டும் |
| சுழற்சிப் பணிக்கு | பொருந்தாது | பாதி பொருந்தும் | இடத்தைப் பொறுத்தது | முழுவதும் பொருந்தும் |
| மறைந்த செலவு | பயணம், ஓய்வு | கெட்ட ஒலி, பார்க்காத பதிவுகள் | ஒப்பந்தங்கள் | பாதியில் நிற்பது |

## உங்கள் நிலை எது?

பி2 எழுதி, கோதே தேர்வில் கேட்டலில் மட்டும் தவறிய தருமபுரிச் செவிலியர் என்றால், முழுப் பி2 வகுப்பில் மறுபடி சேராதீர்கள். இலக்கணமும் எழுத்தும் ஏற்கெனவே தேறியவை. அவற்றுக்கு மறுபடி பணம் கட்டுவதில் பொருளில்லை. தனியாகப் படியுங்கள், தனி ஆசிரியரிடம் இரண்டு அமர்வு எடுங்கள், கேட்டல் பகுதிக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். ஒரே முறை ஒலிக்கும் பிரிவுகளுக்கே முக்கால்வாசி நேரத்தைக் கொடுங்கள்.

ஓசூர் தொழிற்சாலையில் பகல் பணி, வார இறுதி விடுமுறை என்றால் பெங்களூர் வகுப்பும் தினசரி நாற்பது நிமிடமும் சேர்ந்தே ஓடும்.

குடும்ப விசாவுக்காக ஏ1 படிக்கும், குழந்தையோடு கிராமத்தில் இருக்கும் பெண்களுக்கு உள்ளூர் மையமே போதும். ஏ1 கேட்டல் பகுதியில் எண்கள், விலை, நேரம், அறிவிப்புகள்தான் அதிகம். ஜெர்மனியில் இருக்கும் கணவரிடம் தினமும் பத்து விலைகளையும் பத்து நேரங்களையும் ஜெர்மனில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லி எழுதிப் பழகுங்கள். அங்கே கடையிலும் ரயில் நிலையத்திலும் காதில் விழும் சொற்களையும் அவர் சேர்த்து அனுப்பலாம்.

இறுதியாண்டு படிக்கும் மாணவர்கள், தேர்வுக்கு எட்டு மாதமாவது இருந்தால், இணைய வகுப்போடு தொடங்கி, பி1 முடிந்ததும் வகுப்பை விட்டுத் தனிப் பயிற்சிக்கு மாறலாம்.

தேர்வுக்கு மூன்று வாரமே இருக்கிறது என்றால் எந்தப் புதிய வகுப்பிலும் சேராதீர்கள். தொடாமல் வைத்த மாதிரித் தேர்வுகளை எடுங்கள். தாளில் எழுதும் தேர்வில் பொதுவாக அறைக்கு ஒரே ஒலிபெருக்கிதான். ஆகவே இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு, மின்விசிறி ஓடும் அறையில், சற்றுத் தள்ளி வைத்த ஒலிபெருக்கியில் கேட்டுப் பழகுங்கள். நாற்பது நிமிடமும் நிறுத்தாமல் உட்காருங்கள். ஒரு கேள்வி தவறிவிட்டால் அதையே நினைத்துக்கொண்டிருக்காமல் அடுத்ததற்குப் போகும் பழக்கத்தை இப்போதே உண்டாக்குங்கள். ஒன்றைத் துரத்தி மூன்றை இழப்பதுதான் தேர்வறையில் அதிகம் நடக்கிறது. கோதே பி1, பி2 தேர்வுகளில் முடிவில் விடைகளை விடைத்தாளுக்கு மாற்ற ஐந்து நிமிடம் தருவார்கள். அதற்குள் எல்லாக் கட்டங்களையும் நிரப்புங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. கேட்காமல் போன கேள்விக்கும் ஒரு விடையைக் குறித்துவிட்டே தாளைக் கொடுங்கள்.